இஷிமாருவுக்கு விழுந்த 16 லட்சம் ஓட்டு எங்கே போனது?

யூடியூபில் பேர் வாங்கிய ஜப்பானிய அரசியல்வாதி ஷின்ஜி இஷிமாரு. அவருடைய கட்சி 2025 தேர்தல்களில் ஒரு இடம்கூட ஜெயிக்காததற்கு "யூடியூப் அலை ஓய்ந்துவிட்டது" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஜப்பானில் ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மிட்சுபிஷி யூஎஃப்ஜே வங்கியில் பொருளாதார ஆய்வாளராக இருந்தவர், நியூயார்க்கிலும் வேலை பார்த்தவர். ஹிரோஷிமா மாகாணத்தில் அவருடைய சொந்த ஊர் அகிதகாதா. 2020-இல் அங்கே மேயர், ஒரு தேர்தல் ஊழலில் பணம் வாங்கியது வெளியே வந்து பதவி விலகினார். இஷிமாரு வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். 8,076 ஓட்டு வாங்கி 37 வயதில் மேயரானார்.

அகிதகாதா 2004-இல் ஆறு சிற்றூர்களை இணைத்து உண்டாக்கிய நகரம். ஜனத்தொகை 30,000-க்கும் கீழே. ஊருக்கு ஊர் ஒரே மாதிரிப் பொதுக் கட்டடங்கள். ஆள் குறைந்தால் வரி குறைகிறது, கூரை ஒழுகும் செலவு குறைவதில்லை. இந்தக் கணக்கை அவர் சரியாகத்தான் படித்தார்.

ஆனால் ஜப்பானில் மேயரையும் நகரசபையையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் போடுவது மேயர், நிறைவேற்றுவது சபை. துணை மேயர் நியமனத்துக்கும் சபை சம்மதிக்க வேண்டும். இஷிமாரு நாடு முழுக்க அறிவித்து, வந்த 4,115 விண்ணப்பங்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். சபை ஏற்கவில்லை. 16 உறுப்பினர் இடத்தை 8 ஆக்கும் தீர்மானமும் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் தூங்கியதை மேயரே ட்விட்டரில் போட்ட பிறகு அந்த சபையில் கை உயர்த்த யார் வருவார்கள்? அவர் செய்த பெரிய தப்பு இதுதான் என்பது என் கருத்து. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் பெரும்பான்மை கிடைத்துவிடாது.

2024 ஜூலையில் டோக்கியோ ஆளுநர் தேர்தல். 56 வேட்பாளர்களில் இஷிமாருவுக்கு இரண்டாமிடம், 16.58 லட்சம் ஓட்டு. அப்போதே ஆளுநராக இருந்து மறுபடி ஜெயித்த யூரிகோ கொய்கேவுக்கு 29.18 லட்சம். எதிர்க்கட்சிகளின் பலத்த ஆதரவோடு நின்ற ரென்ஹோ மூன்றாமிடம். அடுத்த ஜனவரியில் இஷிமாரு தொடங்கிய கட்சிக்குப் பொதுவான கொள்கை அறிக்கை கிடையாது. இரண்டு தவணைக்கு மேல் யாரும் பதவியில் இருக்கக்கூடாது என்பதே முக்கிய விதி. ஜூனில் டோக்கியோ மாநகரப் பேரவைக்கு 42 பேர் நின்றார்கள், 42 பேரும் தோற்றார்கள்.

ஜப்பானிய வாக்குச்சாவடியில் சின்னம் கிடையாது. கையில் ஒரு வெற்றுச்சீட்டு, மேசையில் பென்சில். வேட்பாளர் பெயரை வாக்காளரே எழுத வேண்டும். அங்கே போய் "இஷிமாரு" என்று எழுதினால் அது செல்லாத ஓட்டு, ஏனென்றால் அவர் நிற்கவே இல்லை. அவருக்காக வந்தவர், தன் தொகுதியில் நிற்கிற புதுமுகத்தின் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது சட்டப்படி தடை. பிரச்சாரத்துக்கு 9 நாள். அதற்குள் முகம் தெரியாத ஒருவர் எப்படிப் பெயர் பதிய வைப்பார்?

ஜூலையில் நாடாளுமன்ற மேலவைக்கு அந்தக் கட்சியிலிருந்து 10 பேர் நின்றார்கள். ஓட்டு விகிதப்படி இடம் கிடைக்கும் விகிதாசாரப் பட்டியலில் சிறிய அமைப்பு ஒன்று இடம்பெற, தொகுதியும் பட்டியலும் சேர்த்துக் குறைந்தது 10 வேட்பாளர் வேண்டும். பட்டியலில் 9 பேர், தலைக்கு 60 லட்சம் யென் டெபாசிட். ஒருவரும் ஜெயிக்காததால் 5.4 கோடி யென் போனது.

அவர்கள் முதலில் டோக்கியோவுக்குள் தனி நகரம் மாதிரி இயங்கும் வார்டுகளின் சபைகளுக்கு நின்றிருக்க வேண்டும். டெபாசிட் 3 லட்சம் யென், தொகுதியில் மூன்று மாதம் குடியிருந்தால் போதும். வங்கித் துறையில் வேலை பார்த்த, இந்தியாவில் பிறந்த யோகேந்திர புராணிக் 2019-இல் டோக்கியோவின் எடோகாவா வார்டில் 6,477 ஓட்டில் ஜெயித்தார். மொத்தம் 44 இடம் இருக்கிற சபை அது. 2021-இல் அதே எடோகாவாவிலிருந்து மாநகரப் பேரவைக்கு நின்றார், தோற்றார். அங்கே எடோகாவாவுக்கு 5 இடம்தான்.