காப்பியாம், உளறலாம்! ஷான் பால் பாட்டைப் போட்டாலே ஆரம்பித்துவிடுகிறார்கள்

காரோ, ஜிம்மோ, கல்யாண ரிசப்ஷனோ, எங்கே ஜமைக்கா பாடகர் ஷான் பாலின் 'கெட் பிஸி' பாட்டைப் போட்டாலும் சரி, அதில் வரும் அந்தக் கைதட்டல் தொடங்கிப் பத்து நொடி ஆவதற்குள் ஒருத்தன் வந்துவிடுகிறான். "இது வேற பாட்டோட காப்பி மச்சி." பெரிய திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை வேறு முகத்தில்.

டேய், காப்பி இல்லைடா. ஜமைக்காவில் டான்ஸ்ஹால் என்கிற ஆட்டப் பாட்டு பிறக்கிற முறையே அதுதான். தயாரிப்பாளர் தாளமும் பேஸும் சேர்த்து ஒரு ரிடிம் செய்வார், அதற்கு ஒரு பெயரும் வைப்பார், அப்புறம் பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து அதே ரிடிமின் மேல் அவரவர் சொல்லையும் மெட்டையும் போட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். யாருடையது எடுபடுகிறது என்பதுதான் பந்தயம். 1985-ல் ஒரு சின்ன கேசியோ கீபோர்டிலேயே இருந்த தாளத்தை வைத்து 'ஸ்லெங் டெங்' ரிடிம் வந்தது, அதன் மேல் வந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 'கெட் பிஸி'யின் ரிடிம் ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் செய்தது. அதன் பெயர் 'திவாலி'. ஆமாம், நம்ம தீபாவளிதான்! வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', லூமிடியின் 'நெவர் லீவ் யூ', பவுண்டி கில்லரின் 'சஃபரர்' எல்லாமே அந்தக் கைதட்டலின் மேல்தான் நிற்கின்றன. வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். வெய்ன் வொண்டர் காதலில் உருகுகிறார், பவுண்டி கில்லர் ஏழை படும் பாட்டைச் சொல்லி உறுமுகிறார், ஷான் பால் எழுந்து ஆடு என்கிறார். இதில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

காப்பி பஞ்சாயத்து முடிந்தால் அடுத்தது "வாய்க்குள்ளயே ஏதோ உளறுறான்பா". கூடவே பாட்டின் தொடக்கத்தில் அவர் தன் பெயரை இழுத்துச் சொல்வதை மிமிக்ரி செய்து ஒரு சிரிப்பு. அவர் பாடுவது பட்வா, ஜமைக்காக்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மொழி. உனக்குப் புரியவில்லை என்றால் அவர் உளறுகிறார் என்று ஆகிவிடுமா? அந்தக் கைதட்டல்களுக்கு நடுவே இடம் பார்த்து, மூச்சு விடாமல், ஒரு அசை தாளம் தப்பாமல் உட்காரவைக்கிறாரே, அதை ஒரே ஒரு வரி பாடிக் காட்டு, அப்புறம் பேசலாம். அங்கே டீஜே என்றால் இசைத்தட்டு சுழற்றுகிறவர் இல்லை, அவருக்கு செலக்டர் என்று பெயர். மைக்கைப் பிடித்துத் தாளத்தின் மேல் சொல்லை அடுக்குகிறவர்தான் டீஜே. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டம் குழுக்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வித்தை இது, ஷான் பால் அதில் வந்தவர்.

எல்லாவற்றையும் விட எரிச்சல், "அவர் சும்மா அடுத்தவங்க பாட்டுல ஓரமா வந்துட்டுப் போறவர்தானே" என்பது. 1973-ல் கிங்ஸ்டனில் பிறந்து, ஜமைக்காவுக்காக வாட்டர் போலோ ஆடி, 2000-ல் முதல் ஆல்பம் போட்டு, 2002-ல் 'டட்டி ராக்' கொண்டுவந்த மனிதர். 2003-ல் 'கெட் பிஸி' அமெரிக்காவில் முதலிடம். அதே வருடம் பியான்ஸேயோடு பாடிய 'பேபி பாய்' ஒன்பது வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. 2004-ல் கிராமி, 2006-ல் 'டெம்பரேச்சர்' மறுபடி முதலிடம். இவர் ஓரமாக வந்து போகிறவராம்! 2016-ல் பாடகி சியாவின் 'சீப் த்ரில்ஸ்' பாட்டு முதலில் ஆல்பத்தில் வந்தபோது அதில் ஷான் பால் கிடையாது. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது அவர் சேர்ந்து பாடிய வடிவம்தான். இது மட்டும் யார் கண்ணிலும் படாது.

அதே வருடம் அவரே ஒரு பேட்டியில் வாய்விட்டுச் சொன்னார்: டிரேக், பீபர் மாதிரியானவர்கள் டான்ஸ்ஹால் சாயலில் பாடுகிறார்கள், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை, அது வலிக்கிறது என்று. வலிக்காமல் என்ன செய்யும்? அப்போது ரேடியோ முழுக்க அந்தத் தாளம்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒட்டிய லேபிள் மட்டும் 'ட்ராபிக்கல் ஹவுஸ்'. தேங்காய்த் தண்ணீர் விளம்பரத்துக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. டான்ஸ்ஹால் என்று எழுதினால் இவர்களுக்கு என்ன காசா செலவாகிவிடும்?