பெர்த் வரிசையில் இடம் யாருக்கு?

ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்று செய்தி வந்தால் கூடவே ஒரு தீர்வும் வந்துவிடுகிறது: பெர்த் (கப்பலைக் கரையோடு கட்டி வேலை பார்க்கும் இடம்) போதவில்லை, புதிதாகக் கட்டுங்கள். கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்டெய்னர் துறைமுக நெரிசல் பல நேரங்களில் காங்கிரீட் பற்றாக்குறையால் வருவதில்லை, வரிசை விதியால் வருகிறது. முதலில் வந்து நங்கூரம் போட்டவருக்கே முதல் இடம் என்ற விதி இருக்கும்வரை, எத்தனை பெர்த் கட்டினாலும் கப்பல்கள் எரிபொருளைக் கொட்டி ஓடிவந்து, பிறகு நாள்கணக்கில் நின்றுகொண்டுதான் இருக்கும். வந்து நின்ற நேரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட நேரத்தைக் காப்பாற்றுகிறவருக்குக் கொடுக்க வேண்டும். இதை விளக்கத்தான் இந்த நீண்ட பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எந்தக் கப்பலை எங்கே, எப்போது கட்டுவது என்று திட்டமிடும் பெர்த் பிளானரின் திரையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்று தெரியும். குறுக்கே கரையின் நீளம், மீட்டரில். நெடுக்கே நேரம். ஒவ்வொரு கப்பலும் ஒரு செவ்வகம். கப்பலின் நீளமும் அடுத்த கப்பலுக்கு விட வேண்டிய இடைவெளியும் சேர்ந்தது அதன் அகலம். கரையில் கட்டிக்கிடக்கும் மணிநேரம் அதன் உயரம். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இந்தச் செவ்வகங்களை அடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த உயரம் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு கிரேன் போட்டால் ஓர் உயரம், ஆறு போட்டால் வேறு. கிரேன்கள் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறவை, ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. ஒரு கோடியில் சும்மா நிற்கும் கிரேனின் உதவி மறுகோடிக்கு வேண்டுமென்றால் நடுவில் இருப்பவை அத்தனையும் நகர வேண்டும். கப்பலின் ஒரே பகுதியில் பெட்டிகள் குவிந்திருந்தால் இன்னும் மோசம். மற்ற கிரேன்கள் வேலையை முடித்துவிட்டாலும், அந்த ஒரு கிரேன் முடிக்கும்வரை கப்பல் கிளம்பாது.

அப்புறம் யார்டு, அதாவது கரையில் பெட்டிகளை அடுக்கிவைக்கும் மைதானம். இந்தக் கப்பலில் ஏற வேண்டிய பெட்டிகளை, அது எந்த இடத்தில் கட்டப்படும் என்று முன்பே கணித்து, அதற்கு அருகே அடுக்கிவைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் கப்பலை அரை கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் லாரி அந்தத் தூரத்தை ஓட வேண்டும். லாரி வரத் தாமதமானால் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் செவ்வகம் நீளும். ஆற்றுக்குள் இருக்கும் ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப் போன்ற துறைமுகங்களில், அதிக ஆழம் தேவைப்படும் பெரிய கப்பல்களுக்கு ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பார்த்துத்தான் போக்குவரத்து. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஓதம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைக் கணிதமாகப் பார்ப்பவர்கள் பெர்த் ஒதுக்கீட்டுச் சிக்கல் என்கிறார்கள். கப்பல்களின் எண்ணிக்கை கூடக்கூட, சாத்தியமான எல்லா அடுக்குகளையும் சரிபார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியமாகிவிடும் வகையைச் சேர்ந்தது இது. பல ஆண்டுகளாக நல்ல மூளைகள் இதில் உழைத்திருக்கின்றன. இன்று இருக்கும் மென்பொருட்கள் ஒரு வாரத்துக்கான நல்ல திட்டத்தைப் போட்டுத் தந்துவிடும். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த மென்பொருளுக்கு நாம் ஊட்டுவது என்ன? கப்பல்கள் வரும் நேரம். அந்த நேரம் பொய்யாக இருந்தால் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் குப்பைக்குப் போய்விடும். கண்டெய்னர் கப்பல்களின் நேரந்தவறாமையைக் கணக்கிட்டு வெளியிடும் சீ-இன்டெலிஜென்ஸ் நிறுவனத்தின் கணக்கில், 2022 ஜனவரியில் நேரத்துக்கு வந்தவை ஏறக்குறைய 30 சதவீதம்தான். மூன்றில் இரண்டு கப்பல் சொன்னபடி வராத உலகத்துக்கு எந்தச் சூத்திரம் திட்டம் போடும்?

பெர்த்தை முழுமையாக நிரப்பிவைப்பதுதான் திறமை என்ற எண்ணத்தையும் இங்கேயே கேள்வி கேட்க வேண்டும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு பெர்த். கப்பல்கள் நினைத்த நேரத்தில் வருகின்றன, வேலை நேரமும் கப்பலுக்குக் கப்பல் ஏற இறங்க இருக்கிறது. பெர்த் பாதி நேரம் நிரம்பியிருந்தால், ஒரு கப்பலின் சராசரிக் காத்திருப்பு அது கரையில் வேலை செய்யும் நேரத்துக்குச் சமம். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு! நிஜத் துறைமுகத்தில் பெர்த்துகள் பல இருக்கும், அட்டவணையும் இருக்கும், அதனால் எண்கள் இவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஆனால் வளைவின் வடிவம் அதேதான். கடைசிப் பத்து சதவீதத்தைக் கசக்கிப் பிழிந்து கிடைக்கும் வருமானத்துக்காக, கடலில் காத்திருப்பு பல மடங்காகிறது. இந்த வளைவைத் தணிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொஞ்சம் இடத்தை வேண்டுமென்றே காலியாக வைப்பது. மற்றொன்று, வருகை நேரத்தின் தாறுமாறைக் குறைப்பது. இரண்டாவதற்குக் காங்கிரீட் தேவையில்லை.

கப்பல்கள் ஏன் ஓடிவருகின்றன? கேப்டன்களுக்கு அவசரம் பிடித்த குணம் என்பதால் அல்ல, விதி அப்படி. பெரிய நிறுவனங்களின் வழக்கமான சேவைகளுக்கு, பெர்த்துகளையும் கிரேன்களையும் நடத்தும் டெர்மினலோடு ஒப்பந்தம் உண்டு. வாரத்தில் இந்த நாள், இந்த மணிநேரம் என்று ஒரு பெர்த் விண்டோ கொடுத்திருப்பார்கள். அந்த விண்டோவுக்குள் வந்தால் மரியாதை. தவறவிட்டாலோ, பல இடங்களில் பொது வரிசைதான். அங்கே முன்னால் வந்தவர் முன்னால். ஆகவே ஏற்கெனவே தாமதமான கப்பல் இன்னும் வேகமெடுக்கிறது. பின்னால் வரும் கப்பலும் அதையே செய்கிறது. டெர்மினலில் இடமே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் மெதுவாக வந்தால் இடம் போய்விடும். டாக்டரின் மருத்துவமனையில் டோக்கன் கிடையாது, நேரில் வந்து உட்கார்ந்தால்தான் கணக்கு என்று சொன்னால் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்கிறதே, அதே கதைதான்.

இதற்கு ஆகும் எரிபொருளைப் பாருங்கள். கப்பலின் ஒரு நாள் எரிபொருள் செலவு, தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் நாள் செலவு ஏறக்குறைய 27 சதவீதம் குறைகிறது. பயணம் சற்று நீள்வதைக் கழித்துப் பார்த்தாலும் அதே தூரத்துக்குச் சுமார் 19 சதவீதம் மிச்சம். சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டத்தின் கீழ் 2022ல் வெளியான ஆய்வு ஒன்று, கண்டெய்னர் கப்பல்கள் பெர்த் தயாராகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்படி முழுப் பயணத்தையும் ஓட்டினால் ஒரு பயணத்துக்கு 14 சதவீதம் அளவுக்கு எரிபொருள் மிஞ்சும் என்று கணக்கிட்டது. கடைசி 12 மணிநேரம் மட்டும் வேகத்தைச் சரிசெய்தாலே சுமார் 4 சதவீதம். புது இன்ஜின் வேண்டாம், புது எரிபொருள் வேண்டாம். தகவல் சரியான நேரத்தில் வந்தால் போதும்!

நின்றுகொண்டிருப்பது பாதுகாப்பானதும் அல்ல. 2021 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே பலத்த காற்றில் இரண்டு கண்டெய்னர் கப்பல்களின் நங்கூரங்கள் இழுபட்டு, கடலடியில் போகும் எண்ணெய்க் குழாயைச் சேதப்படுத்தின. அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் குழாய் கசிந்து எண்ணெய் கரை வரை வந்தது. நெருக்கமாக நங்கூரமிட்டு நிற்கும் ஒவ்வொரு கப்பலிலும் மாலுமிகள் இரவு பகலாகக் காவல் நிற்கிறார்கள், ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன, அந்தப் புகை கரையோர மக்களின் நுரையீரலுக்குப் போகிறது. இவர்களில் யாரும் அந்த வரிசை விதியை எழுதியவர்கள் அல்ல.

அதே இடத்தில்தான் மாற்றமும் வந்தது. 2021 நவம்பர் 16 முதல் வரிசை விதியை மாற்றினார்கள். கப்பல் முந்தைய துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்பியது என்பதை வைத்து அதன் இடத்தைக் கணக்கிட்டார்கள். பசிபிக்கைக் கடந்து வருபவை 150 மைலுக்கு அப்பால் காத்திருக்கலாம், கடற்கரையோரமாக மேலும் கீழும் வருபவை 50 மைலுக்கு அப்பால். ஓடிவந்தாலும் இடம் முன்னேறாது, மெதுவாக வந்தாலும் பறிபோகாது. நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இதனால் வரிசையின் நீளம் குறைந்துவிடவில்லை. 2022 ஜனவரி 9 அன்று காத்திருந்த கண்டெய்னர் கப்பல்கள் 109 என்ற உச்சத்தைத் தொட்டன. சரக்கு குறைந்து, வேறு துறைமுகங்களுக்கும் பிரிந்துபோன பிறகுதான் வரிசை கரைந்தது. ஆனால் கரையோரத்தில் நெருக்கியடித்து நின்ற கப்பல்கள் வெகுவாகக் குறைந்தன, வழியில் மெதுவாக வர ஒரு காரணம் கிடைத்தது. கப்பல் நிறுவனங்களின் சங்கங்களும் கடல் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேசி இதைச் சாதித்தார்கள். நெருக்கடி வந்தபோது முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது?

சிங்கப்பூரில் 2024ல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின. அட்டவணைகள் குலைந்து கொத்துக்கொத்தாக வந்து சேர்ந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட சில கப்பல்கள் அடுத்த துறைமுகங்களைத் தவிர்த்துவிட்டு, சரக்கை அங்கேயே அதிகமாக இறக்கின. கண்டெய்னர் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது உதவியது எது? ஏற்கெனவே பயன்பாட்டிலிருந்து நிறுத்தியிருந்த கெப்பல் முனையத்தின் பழைய பெர்த்துகளையும் யார்டையும் திறந்தார்கள். ‘பார்த்தாயா, பெர்த்தான் தீர்வு’ என்று யாராவது சொல்லலாம். நான் அதில் பார்ப்பது வேறு. கணக்குப் புத்தகத்தில் வீண் என்று தெரியும் காலி இடம், தேவைப்பட்ட வாரத்தில் அந்தத் துறைமுகத்தையே தாங்கியது.

சரி, நேரத்தை மதிக்கும் வரிசை என்றால் யாருடைய நேரம்? இதைப் பற்றித்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒரு பெர்த், ஒரே நேரத்தில் நான்கு கப்பல்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கப்பலுக்கு 30 மணிநேர வேலை, மூன்று ஃபீடர்களுக்கு (பெரிய கப்பலுக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து, எடுத்துப்போகும் சிறு கப்பல்கள்) தலா 6 மணிநேரம். பெரியதை முதலில் எடுத்தால் ஃபீடர்கள் 30, 36, 42 என்று மொத்தம் 108 மணிநேரம் காத்திருக்கும். ஃபீடர்களை முதலில் எடுத்தால் இரண்டாவது 6, மூன்றாவது 12, பெரியது 18, ஆக மொத்தம் 36. மூன்றில் ஒரு பங்கு! ஆனால் பெரிய கப்பல் 18 மணிநேரம் நின்றால் அதன் செலவும் அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் தாமதமும் சேர்ந்து அந்த லாபத்தை விழுங்கலாம். மறுபக்கம், ஃபீடரில் வரும் பெட்டிகள்தான் அதே பெரிய கப்பலில் ஏற வேண்டியவையாக இருந்தால்? தாய்க்கப்பலை முதலில் அனுப்பிவிட்டால் அந்தப் பெட்டிகள் அடுத்த வாரக் கப்பலுக்காக யார்டில் கிடக்கும், யார்டு நிரம்பும், அடுத்த கப்பலின் வேலை மந்தமாகும்.

எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று மென்பொருளுக்கு நாம்தான் சொல்கிறோம். மொத்தக் காத்திருப்பையா, பணச் செலவையா, எரிபொருளையா, இணைப்பைத் தவறவிடும் பெட்டிகளையா? அந்த ஒரு வரியில் யாருக்கு முன்னுரிமை என்ற கொள்கை முடிவு ஒளிந்திருக்கிறது. பெரிய வாடிக்கையாளருக்குக் கூடுதல் எடை கொடுத்துவிட்டு ‘கணினி அப்படித்தான் போட்டது’ என்று ஃபீடர் ஏஜென்டிடம் சொல்வது நியாயமே இல்லை. எடைகளை வெளியிடுங்கள். சிறிய கப்பலுக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதற்கு மேல் அதைத் தள்ளக் கூடாது. பொதுத் துறைமுகம் என்றால் இது கட்டாயமாகவே இருக்க வேண்டும்.

கப்பல்காரர்களைக் கேட்டால் டெர்மினல் சொன்ன நேரத்தில் பெர்த் தருவதில்லை என்பார்கள். டெர்மினலைக் கேட்டால் கப்பல் சொன்ன நேரத்தில் வருவதில்லை என்பார்கள். இரண்டும் உண்மை. இதை உடைக்க ஓர் ஒழுங்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2019ல் பெரிய கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய டிஜிட்டல் கண்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன் வகுத்த முறையில், கப்பல் தன் மதிப்பீட்டு நேரத்தைச் சொல்லும். டெர்மினல் தனக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கும். கப்பல் அதை ஒப்புக்கொண்டு திட்ட நேரமாக உறுதிசெய்யும். கடைசியில் நடந்த நேரம் பதிவாகும். பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்த ஏறுபவர்), இழுவைப்படகு எல்லாவற்றுக்கும் இதே வரிசை. ஒரே சொல்லுக்கு எல்லாருக்கும் ஒரே பொருள் என்பதே பெரிய முன்னேற்றம்.

ஆனால் செய்தி அனுப்புவதால் மட்டும் நம்பிக்கை வராது, வாக்கு தவறினால் விலை இருக்க வேண்டும். டெர்மினல் கேட்டபடி மெதுவாக வந்த கப்பலுக்கு வந்ததும் பெர்த் இல்லை என்றால் டெர்மினல் ஈடு கட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட நேரத்தைத் தாண்டி வரும் கப்பல், மோசமான வானிலை போன்ற காரணம் இல்லாவிட்டால், இடத்தை இழக்க வேண்டும். முந்தைய துறைமுகத்தின் தாமதத்தால் பிந்தினால் அதை உடனே சொன்ன கப்பலுக்கும் கடைசி நேரம் வரை மறைத்த கப்பலுக்கும் ஒரே தண்டனை கூடாது. சீக்கிரம் உண்மை சொல்வது லாபமாக இருந்தால்தான் திரையில் இருக்கும் நேரம் உண்மையாகும்.

அட்டவணையைக் காப்பாற்ற முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு செய்தி. கப்பல் நிறுவனங்களான மேர்ஸ்கும் ஹபாக்-லாய்டும் 2025 பிப்ரவரியில் தொடங்கிய கூட்டுச் சேவையில், முக்கிய வழித்தடங்களில் ஒரு கப்பல் தொடும் துறைமுகங்களைக் குறைத்து, மற்ற இடங்களுக்குச் சிறு கப்பல்களை ஓட்டி, 90 சதவீதத்துக்கு மேல் நேரந்தவறாமையை இலக்காக வைத்தார்கள். குறைந்த இடங்களைத் தொட்டால் தாமதம் தொற்றும் வாய்ப்பும் குறையும். ஆக நேரந்தவறாமையையும் முன்கூட்டியே திட்டமிட்டு வடிவமைக்க முடியும்.

முழுப் பயணத்தையும் இன்றே மாற்றச் சொல்லவில்லை. கடைசி 12 மணிநேரத்தில் தொடங்கலாம். பைலட் ஏறும் நேரத்தை 12 மணிநேரத்துக்கு முன் உறுதியாகச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு மெதுவாக வரும் கப்பலின் இடத்தை எழுத்தில் உறுதிசெய்யுங்கள், சொன்னதையும் நடந்ததையும் மாதாமாதம் வெளியிடுங்கள், டெர்மினலின் தவறையும் சேர்த்து. பெர்த் விண்டோ ஒப்பந்தங்களை எழுதும் மேசையில் இருக்கிறவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால், அடுத்த புதுப்பிப்பின்போது ஈடு கட்டும் பிரிவை இரண்டு பக்கத்துக்கும் எழுதிப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் மறுக்கிறது, என்ன காரணம் சொல்கிறது என்று இங்கே கருத்தில் சொன்னால் அதைப் பற்றியே அடுத்து விரிவாகப் பேசலாம்.