கால்குலஸ் எந்த வருஷம் என்பது இரண்டாவது கேள்வி

ஜனவரி, பிப்ரவரி வந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிடும். உடனே நம் பெற்றோர் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: "பன்னிரண்டாவதுல கால்குலஸ் எடுக்கணும்னா இப்போ எதைப் போடணும்?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு அல்ஜிப்ரா 1 கைக்கு வந்துவிட்டதா? இதற்கு நேர்மையான பதில் தெரிந்தால் மீதி நாலு வருஷத்தையும் அரைமணி நேரத்தில் ஒரு தாளில் போட்டுவிடலாம். அது தெரியாமல் போட்ட திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அல்ஜிப்ரா 2-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் வருஷா வருஷம் சேர்ந்தே வளரும். அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒரு பாடம்: அல்ஜிப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய படி), கால்குலஸ் (நுண்கணிதம்). படிகள் ஐந்து. ஹைஸ்கூலோ நாலே வருஷம். சிக்கல் முழுவதும் இந்தக் கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜிப்ரா 1 தொடங்கினால் பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நிற்கும். எட்டில் தொடங்கினால் கால்குலஸைத் தொடும். ஏழில் தொடங்கினால் பதினொன்றிலேயே கால்குலஸ் முடிந்து, பன்னிரண்டாம் வகுப்பில் என்ன செய்வது என்று தேட வேண்டிவரும். அதனால்தான் ஹைஸ்கூல் முடிவு ஒன்று ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பெற்றோரின் தலையில் வந்து விழுகிறது.

முடிவெடுக்கும் விதிகளும் ஊருக்கு ஊர் வேறு. டெக்சாஸில் 2023-ல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு கணக்கில் பள்ளியே சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவில் 2014 முதல் எல்லாருக்கும் ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜிப்ரா 1 என்று வைத்தார்கள். அதை மறுபடி எட்டாம் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி 2024 மார்ச்சில் வாக்காளர்கள் வாக்களித்தார்கள். ஆக, பக்கத்து ஊர் நண்பர் சொன்ன வழி உங்கள் மாவட்டத்தில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இப்போது அந்த முதல் கேள்வி. அல்ஜிப்ரா 1-க்குப் பிள்ளை தயாரா என்று பார்க்க மதிப்பெண் பட்டியலை விட ஒரு தாளும் பென்சிலும் நன்றாகச் சொல்லும். இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்:

5 − 2(x − 3) = 11

சரியான விடை x = 0. பிள்ளை −6 என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் −2-ஐப் பெருக்கும்போது இரண்டாவது உறுப்பின் குறி மாறுவது பிடிபடவில்லை. 20/3 என்று வந்தால், 5-லிருந்து 2-ஐ முதலில் கழித்துவிட்டது. செயல்களின் வரிசையே இன்னும் உறுதியாகவில்லை. சில பிள்ளைகள் எல்லாம் சரியாகச் செய்து, −2x = 0 என்று வந்ததும் "விடையே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு மாறி என்றால் என்ன, விடை என்றால் என்ன என்பது பேச வேண்டிய விஷயம். பயிற்சித்தாள் அதற்கு மருந்தாகாது. இதோடு −3² எவ்வளவு, (−3)² எவ்வளவு என்று கேளுங்கள். 3/4 ÷ 1/2 போடச் சொல்லிவிட்டு, விடை ஏன் 3/4-ஐ விடப் பெரிதாக வந்தது என்று விளக்கச் சொல்லுங்கள். பின்னமும் குறை எண்களும் தடுமாறினால் அல்ஜிப்ரா 1-ஐத் தள்ளிப்போடுவதுதான் சரி. ஒரு வருஷம் போய்விட்டதே என்று பதற வேண்டாம். அந்த வருஷத்தைத் திரும்ப எடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. கொஞ்சம் கீழே வருகிறேன்.

தயார் என்றே தெரிந்தாலும், வேகப்படுத்துவதில் நல்ல முறையும் கெட்ட முறையும் இருக்கின்றன. 2010-ல் வந்த, பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் என்ற பொதுப் பாடத்தரங்களில் எட்டாம் வகுப்புக் கணக்கு மிகவும் கனமானது. சாய்வு, நேர்கோட்டுச் சார்புகள், இரு மாறிகளில் இரண்டு சமன்பாடுகள், முழு எண் அடுக்கு விதிகள், பிதாகரஸ் தேற்றம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. முன்பு அல்ஜிப்ரா 1-ல் இருந்த பல பகுதிகள் இவை. ஆகவே எட்டாம் வகுப்புக் கணக்கை அப்படியே தாண்டி அல்ஜிப்ரா 1-க்குப் போகும் பிள்ளை, அல்ஜிப்ரா 1-ன் முதல் பாதியை இழந்துவிட்டுத்தான் போகிறது. ஏழு, எட்டு, அல்ஜிப்ரா 1 ஆகிய மூன்று வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் சுருக்கி, எதையும் விடாமல் நடத்துவதே நல்ல முறை. உங்கள் பள்ளியின் அட்வான்ஸ்டு வகுப்பு சுருக்குகிறதா, தாண்டுகிறதா என்று கேளுங்கள். வகுப்பின் பெயரில் இது தெரியாது. எந்த மாதம் எந்தப் பகுதி என்ற அட்டவணையில் தெரிந்துவிடும்.

அல்ஜிப்ரா 1 மேல் இவ்வளவு அழுத்தம் ஏன் என்று கேட்டால், ஒரே ஒரு கோவையை வைத்துக் காட்டலாம்:

(x² − 9) / (x² + 5x + 6)

மேலே உள்ளதை (x − 3)(x + 3) என்றும், கீழே உள்ளதை (x + 2)(x + 3) என்றும் காரணிப்படுத்துவது அல்ஜிப்ரா 1. பொதுக் காரணியை அடித்து (x − 3)/(x + 2) என்று சுருக்கி, x = −3 ஆகாது என்று ஓரத்தில் குறிப்பது அல்ஜிப்ரா 2. வரைபடத்தில் x = −3-ல் ஒரு துளையும், x = −2-ல் செங்குத்துத் தொலைத்தொடுகோடும் (வரைபடம் நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத கோடு) ஏன் வருகின்றன என்பது ப்ரீகால்குலஸ். x, −3-ஐ நெருங்கும்போது எல்லை 6 என்று சொல்வது கால்குலஸின் முதல் மாதம். நாலு பாடங்கள், ஒரே காரணிப்படுத்தல். அல்ஜிப்ரா 2-ல் தோற்கும் பிள்ளை பெரும்பாலும் மேலேயும் கீழேயும் இருக்கும் x²-ஐ அடித்துவிட்டு நிற்கும். "கால்குலஸ் வரலை" என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு எல்லையும் வகைக்கெழுவும் நன்றாகவே புரிந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் இரண்டு வரி இயற்கணிதத்தில்தான் விடை கெட்டுப்போகும்.

அடுத்தது, யாரும் கவனிக்காத ஓட்டை. எட்டாம் வகுப்பு ஜூனில் அல்ஜிப்ரா 1 முடிகிறது. ஒன்பதில் ஜியோமெட்ரி. பத்தாம் வகுப்பு செப்டம்பரில்தான் அல்ஜிப்ரா 2. நடுவில் 15 மாதம். ஜியோமெட்ரியில் சமன்பாடு வந்தாலும் அது சின்னச் சின்ன ஒருபடிச் சமன்பாடுதான். காரணிப்படுத்தலும் அடுக்கு விதிகளும் துருப்பிடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை 20 நிமிஷம், ஐந்தாறு கணக்கு, இருபடிச் சமன்பாடு, அடுக்கு, வர்க்கமூலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் போதும். ட்யூஷன் தேவையில்லை. ஜியோமெட்ரி வருஷத்தில் இதைச் செய்யுங்கள் என்று எந்தப் பள்ளியும் எழுதி அனுப்பாது.

சரி, ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜிப்ரா 1 தொடங்குகிறது, கால்குலஸும் வேண்டும் என்றால்? பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜிப்ரா 2-வையும் ஒரே வருஷத்தில் சேர்த்து எடுக்கலாம். பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். என் கணிப்பில் வேகப்படுத்தும் எல்லா வழிகளிலும் இதுதான் மிகச் சிறந்தது. பிள்ளைக்கு அப்போது 15 வயது, தன் விருப்பம் தனக்கே தெரியும். அல்ஜிப்ரா 1 முடித்த கையோடு அல்ஜிப்ரா 2 வருவதால் அந்த 15 மாத ஓட்டையும் இல்லை. ஒரு விருப்பப் பாடத்தின் இடம் போகும், அவ்வளவுதான் விலை. அரை வருஷத்தில் ஒரு பாடம் முடியும் 4×4 பிளாக் அட்டவணைப் பள்ளிகளில் இது இன்னும் சுலபம். ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கிடைக்காததால் இன்ஜினியரிங் கதவே சாத்திவிட்டது என்று அழும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோடை வகுப்புகள்? ஒரு வருஷப் பாடத்துக்குப் பழைய கணக்கு 120 மணி நேரம். ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளைக்கு நாலு மணி என்று போட்டால் 120 வந்துவிடும். மணி கணக்கு சரிதான், ஊறும் நேரம்தான் இல்லை. அல்ஜிப்ரா 1-ஐயும் ப்ரீகால்குலஸையும் கோடையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜியோமெட்ரி ஓரளவு தாங்கும். ஆனால் கோடை ஜியோமெட்ரியில் முதலில் பலியாவது நிரூபணம். வடிவொத்த முக்கோணங்கள் அரைகுறையாகப் போனால், அடுத்த வருஷம் முக்கோணவியல் வெறும் சூத்திர மனப்பாடமாகிவிடும். சில பெற்றோர் ஜியோமெட்ரியையே தேர்வெழுதித் தாண்டலாமா என்று கேட்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதியில் வடிவியல் பாடம் கட்டாயம். மேல்நிலைப் பாடம் படித்துவிட்டேன் என்று சொல்லி அதை ஈடுகட்ட முடியாது. விட்டுவிட்டுப் பன்னிரண்டில் கண்டுபிடித்தால் தலைவலிதான்.

ஊர் மாறுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. யூட்டா, வட கரோலினா போன்ற மாநிலங்களிலும் கலிஃபோர்னியாவின் பல மாவட்டங்களிலும் கணக்கு 1, 2, 3 என்று கலந்து நடத்துகிறார்கள். அங்கே கணக்கு 1 முடித்த பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போனால், "முதல் வருஷம் முடிந்தது" என்று ஜியோமெட்ரியில் போட்டுவிடுவார்கள். ஆனால் இருபடிச் சமன்பாடுகளில் பெரும்பகுதி கலந்த முறையில் கணக்கு 2-ல் வருகிறது, தனித்தனி முறையிலோ அல்ஜிப்ரா 1-ல். ஆகவே இந்தப் பிள்ளை அந்தப் பகுதியை எங்கேயுமே படிக்காமல் அல்ஜிப்ரா 2-ல் போய் உட்காரும். மாறும் கோடையில் பல்லுறுப்புக் கோவைப் பெருக்கல், காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, இருபடிச் சூத்திரம் இந்த நாலையும் முடித்துவிடுங்கள்.

மேல்படிகளுக்கு வருவோம். (புள்ளி வைத்து ஏ.பி. என்று எழுதுவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், அதாவது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம். புள்ளியில்லாத ஏபி, பிசி என்பவை கால்குலஸின் இரண்டு பிரிவுகள்.) 2023-24 முதல் ஏ.பி. ப்ரீகால்குலஸ் வந்திருக்கிறது. நல்ல பாடம். ஆனால் நாலு அலகுகளில் முதல் மூன்றுதான் தேர்வுக்கு வரும். துணையலகுச் (பாராமெட்ரிக்) சார்புகள், வெக்டர், அணி எல்லாம் இருக்கும் நாலாவது அலகு தேர்வில் இல்லாததால் பல வகுப்புகளில் விடுபட்டுப் போகும். பிள்ளை அடுத்து பிசிக்குப் போவதாக இருந்தால் அதில் துணையலகும் வெக்டரும் காத்திருக்கின்றன. நாலாவது அலகை நடத்துவீர்களா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஏபியா பிசியா என்ற கேள்விக்கு: ஏபியில் எட்டு அலகு, பிசியில் அதே எட்டும் சேர்த்துப் பத்து. ஏபி ஏறக்குறைய கல்லூரியின் ஒரு செமஸ்டர், பிசி இரண்டு. ப்ரீகால்குலஸில் சிரமமில்லாமல் வந்த பிள்ளை நேராக பிசிக்குப் போகலாம். ஏபியை ஒரு வருஷம், பிசியை அடுத்த வருஷம் என்று வைத்தால் இரண்டாம் வருஷத்தில் பாதிக்கு மேல் பழைய பாடம். பிசி தேர்வு எழுதினால் ஏபி பகுதிக்கும் தனி மதிப்பெண் வருவதால், பிசியில் மட்டும் வரும் முடிவிலித் தொடர்களில் சறுக்கினாலும் முழுதாக இழப்பில்லை.

பத்தில், பதினொன்றில் கால்குலஸ் முடிப்பது பெருமையாகத் தோன்றும். அதற்குப் பிறகு கம்யூனிட்டி காலேஜில் பலமாறிக் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் என்று தொடர வழி இருக்கிறதா, பிள்ளைக்கு அதில் ஆசை இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்பு கணக்கே இல்லாமல் போய், கல்லூரி முதல் செமஸ்டரில் கை உதறும். கணக்கில் உண்மையிலேயே பசி உள்ள பிள்ளைக்கு மேலே ஏறுவதை விடப் பக்கவாட்டில் போவது சுவை. பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கான கணக்குப் போட்டியான ஏ.எம்.சி. 10 தேர்வில் 75 நிமிஷத்தில் 25 கேள்விகள். கால்குலஸ் துளியும் தேவையில்லை. அதில் வரும் எண்ணியலும் எண்ணும் முறைகளும் இந்த ஐந்து படி ஏணியில் ஏறக்குறைய எங்கேயும் இல்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் கால்குலஸுக்கும் சம்பந்தமில்லை. அதன் கணக்குப் பகுதி 70 நிமிஷம், 44 கேள்வி. அல்ஜிப்ராவும் அதன் மேல்நிலைப் பகுதியும் தலா 35 சதவீதம் அளவுக்கு வரும், மிச்சம் தரவும் வடிவியலும். அதனால் பதினொன்றின் வசந்தத்துக்குள் அல்ஜிப்ரா 2 முடிந்திருந்தால் போதும்.

அல்ஜிப்ரா 2-க்குப் பதிலாக டேட்டா சயன்ஸ் எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் கொஞ்ச காலம் அனுமதித்தது. 2023-ல் அதன் பேராசிரியர் குழு அந்த வழியை மூடியது. அல்ஜிப்ரா 2-க்கு மேலே நாலாவது பாடமாகப் புள்ளியியலோ டேட்டா சயன்ஸோ எடுங்கள், சமூக அறிவியல், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு அது பொருத்தமான தேர்வு. இயற்பியல், இன்ஜினியரிங் என்றால் பள்ளியில் கால்குலஸ் இருக்கும்போது அதை எடுக்காமல் விடாதீர்கள். பள்ளியிலேயே கால்குலஸ் இல்லாத பிள்ளைகளுக்காக கால்டெக் பல்கலைக்கழகம் கூட 2023-ல் சேர்க்கைக்கு மாற்று வழி திறந்துவிட்டது.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை: எட்டாம் வகுப்பு அல்ஜிப்ரா 1 மதிப்பெண் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் ஏறுமா? ஏறினால், திரும்பப் படித்து மாற்றவோ நீக்கச் சொல்லவோ முடியுமா? வர்ஜீனியாவில் மிடில் ஸ்கூலில் எடுத்த ஹைஸ்கூல் பாடத்தின் மதிப்பெண்ணை நீக்கச் சொல்லிப் பெற்றோர் எழுதிக் கொடுக்க விதியே இருக்கிறது. அட்வான்ஸ்டு வகுப்பில் சேர்ந்த பிறகு ஒரு படி இறங்கக் கடைசித் தேதி எது? பல இடங்களில் அது பள்ளி தொடங்கிய சில வாரங்களிலேயே முடிந்துவிடும். முதல் இரண்டு டெஸ்ட் தாள்களை வாங்கிப் பார்த்து, அந்தத் தேதிக்குள் முடிவெடுங்கள்.