413 பிழைக்கும் 10,000 வரம்புக்கும் சம்பந்தமில்லை

எலாஸ்டிக்சர்ச் ஒரு தேடல் மென்பொருள்; ஒரு தேடலில் எத்தனை முடிவுகள் வரை எடுக்கலாம் என்ற அதன் வரம்புதான் மேக்ஸ்_ரிசல்ட்_விண்டோ (இயல்பாக 10,000). 'எலாஸ்டிக்சர்ச்சில் ஏற்றுமதி 413 பிழையோடு நின்றால் மேக்ஸ்_ரிசல்ட்_விண்டோவை பத்து லட்சமாக்குங்கள்' என்று சொல்லப்படுவது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

413 என்பது நீங்கள் அனுப்பும் கோரிக்கையின் உடல் பெரிதாக இருப்பதைச் சொல்கிறது; திரும்பி வரும் முடிவுகளின் எண்ணிக்கையை அல்ல. முதலில் பதிலைத் திறந்து பாருங்கள். 'என்ஜின்எக்ஸ்' (தேடல் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் வெப் சர்வர்) என்று எழுதிய எச்டிஎம்எல் பக்கம் வந்தால், கோரிக்கை தேடல் சர்வரை எட்டவே இல்லை. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு வெறும் 1 எம்பி. எலாஸ்டிக்சர்ச்சுக்கோ 100 எம்பி. தேட வேண்டிய பதிவுகளின் ஐடிகளைக் கோரிக்கையில் பட்டியலிட்டால், 36 எழுத்து ஐடி ஒன்று, மேற்கோள் குறிகளும் காற்புள்ளியும் சேர்த்து 39 பைட். 27,000 ஐடிகளை ஒரே வினவலில் அடுக்கினாலே 1 எம்பி தாண்டிவிடும். பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்து அனுப்புங்கள். முடியாவிட்டால் என்ஜின்எக்ஸில் இந்த வரம்பைக் குறிக்கும் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸை 10 எம்பி ஆக்கி, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

10,000 முடிவுகளுக்கு மேல் எடுக்க முடியாதது வேறு சிக்கல். அங்கேயும் விண்டோவை உயர்த்துவது ஆபத்து. 5 ஷார்டு (தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) இருந்து, 9,90,000-ஐத் தாண்டி அடுத்த 10,000 கேட்டால், ஒவ்வொரு ஷார்டும் 10 லட்சம் பதிவுகளை வரிசைப்படுத்தி அனுப்பும். அவற்றை ஒருங்கிணைக்கும் நோடு (சர்வர்) 50 லட்சத்தை நினைவகத்தில் சுமக்கும். ஹீப் (அதற்கு ஒதுக்கிய நினைவகம்) நிரம்பி நோடே விழலாம்.

அதற்குப் பதில் பாயிண்ட் இன் டைம் (பிஐடி: தரவு அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே வைத்திருக்கும் வசதி) திறந்து (எலாஸ்டிக்சர்ச் 7.10 முதல் உண்டு), எங்கிருந்து தொடர வேண்டும் என்று சொல்லும் சர்ச்_ஆஃப்டரில் கடைசிப் பதிவின் சார்ட் (வரிசைப்படுத்தும்) மதிப்புகளைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் 1,000 முதல் 5,000 பதிவுகள் வரை எடுங்கள். ஒவ்வொரு பதிலிலும் வரும் புதிய பிஐடி ஐடியையே அடுத்த முறை பயன்படுத்துங்கள். பட்டியல் காலியாக வந்ததும் பிஐடியை மூடிவிடுங்கள்.

முடிவுகளைத் தொகுதி தொகுதியாக எடுக்கும் பழைய ஸ்க்ரோல் முறையில் இருப்பவர்கள் ஸ்க்ரோல் ஐடியை யூஆர்எல்லில் வைக்க வேண்டாம். ஷார்டுகள் கூடக்கூட அது நீளும். 4,096 பைட்டைத் தாண்டினால் 400 பிழை வரும். உடலில் அனுப்புங்கள்.