ஃபார்மட் வேண்டாம், முதலில் ரேம் கார்டைக் கழற்றுங்கள்

அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் 512 கேபி ரேம் கார்டு (கூடுதல் நினைவக அட்டை) போட்டதும் ஃபிளாப்பி டிஸ்க் கெடுகிறது என்று கீழக்கரைத் தம்பி கேட்டிருந்தார். அதற்கு, 'கடலோரப் பூஞ்சைதான் காரணம். ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்' என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டிஸ்க்கில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

பூஞ்சை நம் பக்கம் உண்டு, மறுக்கவில்லை. டிஸ்க்கின் நகரும் மூடியான ஷட்டரை நகர்த்திப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது, டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் அழுக்காகும். ஆனால் கார்டு போட்ட பிறகுதான் கோளாறு என்றால் சந்தேகம் கார்டு மேல்தான் விழ வேண்டும். ரேமில் ஒரு பிட் மாறினால், அந்தத் தப்பான தகவலே டிஸ்க்கில் எழுதப்படும். அமிகா ஒரு டிராக்கின் (டிஸ்க்கிலுள்ள ஒரு வட்டத் தடத்தின்) 11 செக்டரையும், அதாவது 11 துண்டுகளையும், சேர்த்தே எழுதுவதால், எழுதும்போது பிசகினால் பக்கத்துக் கோப்பும் மாட்டிக்கொள்ளும்.

கீழக்கரைத் தம்பி, முதலில் டிஸ்க்கின் மூலைத் துளையைத் திறந்து வையுங்கள். அப்புறம் எதுவும் அதில் எழுத முடியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடிப்பக்கக் கார்டை உருவுங்கள். கார்டு இல்லாமலே மெஷின் ஓடும். இப்போது டிஸ்க் ஒழுங்காகப் படித்தால் உடனே நகல் எடுங்கள்.

பழைய கார்டுகளில் கடிகாரத்துக்கு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்து செப்புத் தடங்களை அரித்து, பச்சை பிடிக்க வைக்கும். நம் உப்புக்காற்று பின்களையும் விடாது. பேட்டரியை வெட்டியெடுத்து, கசிவை வினிகரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்துங்கள்.