ஏசி வாங்க முதல் தாழ்வாரத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்புகிற புது வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தட்டைக் கொங்கிறீற் கூரை, சுவரோடு வெட்டி நிறுத்திய விளிம்பு, முகப்பில் ஆளுயரக் கண்ணாடி. படம் டுபாயிலிருந்தோ கனடாவிலிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். காசும் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடிபுகுந்த முதல் சித்திரையிலேயே மேல் மாடி அறையில் படுக்க முடியாமல் போகிறது. முதல் மார்கழியில் சன்னல் இடுக்கால் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. பிறகு ஏசி, அதன் பிறகு மின்சாரக் கட்டணப் புலம்பல்.

இதைச் சொன்னால் "பழைய நாற்சார் வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. வெப்பமண்டலத் தீவுக்கு நவீனக் கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்பதை இந்தத் தீவிலேயே எழுபது வருடமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா 1950களில் கண்டியிலும் கொழும்பிலும் கட்டிய வீடுகள் அப்படிப்பட்டவை. இன்னொரு கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிய வீடு, நகரத்துச் சின்னக் காணிக்குள் நடுமுற்றத்தையும் ஓட்டுக் கூரையையும் விறாந்தையையும் கொண்டுவந்தது. 1970களின் பிற்பகுதியில் அவரே கொழும்பில் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடமொன்றைக் காற்று ஊடுருவுவதற்கென்றே வடிவமைத்தார். அந்த வீடுகளில் கூரைக்குத்தான் முதலிடம். நாங்கள் முகப்பை முடிவுசெய்துவிட்டுக் கூரையைக் கடைசியில் மூடியாகப் போடுகிறோம்.

தாழ்வாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, எத்தனை அடி என்பது ரசனை விசயமில்லை, கணக்கு. யாழ்ப்பாணத்தில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பாதியிலும் சூரியன் மத்தியானம் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்குச் சுவரில் விழும், மற்ற மாதங்களில் தெற்கில். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 4 அடிச் சன்னலும் அதற்கு மேலே ஒன்றரை அடிச் சுவரும் முழுக்க நிழலில் இருக்க, தெற்குத் தாழ்வாரம் ஏறத்தாழ மூன்றரை அடி வேண்டும். வடக்குப் பக்கம் நடுப்பகல் வெயிலுக்கு ஒன்றரை அடி போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு சாய்ந்து அடிக்கிற மழை அந்தப் பக்கத்தால்தான் வரும் என்பதால் அங்கும் மூன்றடிக்குக் குறைக்கவேண்டாம். கிழக்கு மேற்கில் எந்தத் தாழ்வாரமும் முழுதாக உதவாது, வெயில் கீழேயிருந்து நுழையும். அங்கே விறாந்தையோ மரமோ நிலைக்குத்துச் சட்டங்களோதான் தீர்வு. முகப்பு மேற்கே பார்த்திருந்தால் அந்த ஆளுயரக் கண்ணாடியை மறந்துவிடுங்கள்.

தாழ்வாரத்தை நீட்டினால் சுவரையும் உயர்த்தவேண்டும். 25 பாகைச் சரிவில் மூன்றரை அடி நீட்டினால் விளிம்பு ஒன்றரை அடிக்கு மேல் கீழிறங்கும். எட்டரை அடிச் சுவரில் அதைச் செய்தால் விளிம்பில் மழைநீர் ஓடும் பீலியில் தலை முட்டும். சுவரைப் பத்து, பத்தரை அடிக்கு எடுங்கள். பலர் கூலிச் செலவுக்குப் பயந்து சுவரைக் குறைத்து, பிறகு தலை முட்டுகிறது என்று தாழ்வாரத்தையும் வெட்டுகிறார்கள்.

தாழ்வாரத்துக்குப் பதிலாகச் சன்னலுக்கு மேலே கொங்கிறீற் சண்சேட் போட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கடலுக்குக் கிட்ட இதுதான் முதலில் வெடிக்கிற உறுப்பு. சுவரிலிருந்து தொங்கி நிற்கும் தட்டில் இழுவிசை மேற்பக்கத்தில்தான், ஆகவே கம்பியும் மேலேதான் கிடக்கவேண்டும். கொங்கிறீற் போடும்போது வேலையாட்கள் அதன்மேல் ஏறி நடப்பார்கள், கம்பி கீழே அமுங்கிவிடும். மேலேயே நின்றாலும் சிக்கல் தீராது. உப்புக் காற்றுப் படும் இடத்தில் கம்பிக்கு மேலே குறைந்தது 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடல் வேண்டும். சண்சேட் மொத்தமே 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர். 40 விட்டால் கம்பி நடுவுக்கு வந்துவிடும், அங்கே அதனால் பெரிய பயனில்லை. பலம் வேண்டி 15 விட்டால் உப்பு சீக்கிரம் இறங்கித் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிப்பதால் கொங்கிறீற் பிளந்து விழுகிறது. கழுவாத கடல் மணலைக் கலந்திருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து வரத் தேவையில்லை. ஆக, கரையோரத்தில் மெல்லிய சண்சேட் பலமாகவும் நீடித்தும் இருக்க வழியே இல்லை. கூரையை நீட்டுங்கள், அல்லது தாங்கு சட்டம் வைத்து ஓடு போடுங்கள்.

இனித் தட்டைக் கூரை. 5 அங்குலக் கொங்கிறீற்றின் மேற்பரப்பு நல்ல வெயிலில் 55, 60 பாகையைத் தொடும். அந்தச் சூடு கீழே வந்துசேர நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். அதாவது பின்னேரம் சுடத் தொடங்குகிற கூரை நீங்கள் படுக்கப்போகிற நேரத்திலும் சுட்டுக்கொண்டேயிருக்கும். பாலைவனத்தில் தடித்த சுவரும் கூரையும் வேலைசெய்வது இரவில் நன்றாகக் குளிர்வதால். இங்கே பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஆறேழு பாகைதான், ஏறிய சூடு இறங்க நேரமில்லை. ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் கூரைக்கு மேலே இன்னொரு கூரை போடலாம்: இரும்புச் சட்டம், அதன்மேல் அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகடு, இடையில் குறைந்தது ஓரடி இடைவெளி, பக்கங்கள் திறந்து குருவி நுழையாமல் வலை. வெறும் வெள்ளைப் பூச்சும் உதவும், பாசி பிடித்துக் கறுக்கும் வரைக்கும்.

ஓட்டுக் கூரையிலும் பிழை நடக்கிறது. ஓட்டுக்குக் கீழே அடிக்கிற அலுமினியத் தாளை ஓட்டோடு ஒட்ட இழுத்துவிடுகிறார்கள். பளபளப்புப் பக்கம் கீழே பார்த்து, அதற்குக் கீழே காற்றிடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் தடுக்கும். மேலே பார்த்தால் இரண்டு வருடத்தில் தூசி மூடிவிடும். பாவாவின் கட்டடங்களில் நெளி சீமெந்துத் தகட்டின்மேல் அரைவட்ட ஓடு அடுக்கும் முறை பெயர்பெற்றது. ஓடு நழுவினாலும் ஒழுகாது. ஆனால் அந்தக் காலத்துத் தகடு அஸ்பெஸ்ரஸ். முறையை எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை மாற்றுங்கள்.

தென்மேற்குக் காற்றான சோழகம் வீசுகிற மாதங்களிலும் வீட்டுக்குள் காற்றில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் அலுமினிய இழுவைச் சன்னலில். ஆறடி அகலச் சன்னல் மூன்றடிதான் திறக்கும். அதற்கு நுளம்பு வலை போட்டால் அந்த மூன்றடியிலும் நல்ல பங்கு போய்விடும். டெங்கு இருக்கிற ஊரில் வலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வலையைச் சன்னலில் போடாமல் விறாந்தையின் வெளிவிளிம்பு முழுக்கப் போடுங்கள். பரப்பு பல மடங்கு பெரிது, காற்று மெதுவாக எங்கும் நுழையும், சன்னலை இரவிலும் திறந்து வைக்கலாம். ஒரு சுவரில் மட்டும் சன்னல் உள்ள அறைக்கு, கதவுக்கு மேலே காற்றுத் துவாரமாவது விடவேண்டும். நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டுமே.

ஏசி போடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு படுக்கை அறைக்குப் போடுங்கள், ஆனால் எந்த அறை என்பதைப் படம் கீறும்போதே முடிவுசெய்யுங்கள். திறந்த வீட்டின் நடுவே பிறகு செருகிய ஏசி அறைதான் பூஞ்சணத்தின் தாய்வீடு. எங்கள் காற்றின் ஈரம் 24 பாகை அளவிலேயே நீராகப் படியத் தொடங்கும். அறையை 18இல் வைத்தால் நடுச்சுவரின் மறுபக்கம் வியர்க்கும், அங்கே சாத்தி வைத்த அலுமாரியின் முதுகு கறுக்கும். மேசனைக் கூப்பிட்டு "கூரை ஒழுகுது" என்று சண்டை பிடிப்பார்கள், ஒழுக்கே இருக்காது. 26இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். காற்றசைவே இரண்டு மூன்று பாகை குறைந்த உணர்வைத் தரும்.

நடுமுற்றம் மறுபடி பாணியாகி வருவது நல்லதுதான். ஆனால் அதைப் பொலிகாபனேற் தகட்டால் மூடினால் சூடு வெளியேறும் வழியையே அடைத்தாயிற்று. மூடியே ஆகவேண்டுமென்றால் கூரைக்கு மேல் இரண்டடி தூக்கி நாலு பக்கமும் திறந்து விடுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 2300 லீற்றர். நாலு கூரையும் உள்ளே சரிந்தால் அவ்வளவும் முற்றத்துக்குத்தான் வரும். தரையை ஆறங்குலம் தாழ்த்தி, 4 அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள். ஒன்று இலையால் அடைபட்டாலும் மற்றது இழுக்கும். கூரைகள் சேரும் உள்மூலைகளில் ஓட்டு விளிம்பைச் சீமெந்தால் பூசுவது இன்னொரு கெட்ட பழக்கம். குப்பை அங்கே தேங்கி, ஈரம் ஊறி, கைமரம் உக்கும்.

நீண்ட தாழ்வாரத்துக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: புயல். 1978இல் மட்டக்களப்பு பட்டது நினைவிருக்கும். காற்று கீழேயிருந்து தூக்குவது தாழ்வாரத்தைத்தான். அதற்காக வெட்டவேண்டியதில்லை, கட்டவேண்டும். சுவர் உச்சிக் கொங்கிறீற் வளையத்தில் 12 மில்லிமீற்றர் போல்ற் பதித்து, அதன்மேல் கிடக்கும் வளைமரத்தை இறுக்குங்கள், கைமரத்தை ஆணியோடு விடாமல் துருப்பிடிக்காத பட்டியால் கட்டுங்கள். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒரே கைமரத்தில் ஓட்டாமல் தனியாக நிறுத்துங்கள். போனால் அது மட்டும் போகும்.

2016 வாக்கில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது சூடு, துரு, காற்றோட்டம் என்று நாங்கள் எல்லோரும் எதிர்த்தோம், சரியாகவே எதிர்த்தோம். அதே மூன்று குறையையும் இப்போது சொந்தக் காசில் கொங்கிறீற்றில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சோலர் போடும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று. தட்டைக் கூரையில் பலகைகளை ஓரத்தில் ஒதுக்காமல் படுக்கை அறைகளுக்கு நேர் மேலே, அடியில் காற்றோட இடம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கால்களைப் பொருத்தக் கூரையில் துளை போட விடவேண்டாம், கொங்கிறீற் கட்டைகளில் நிறுத்திப் பாரத்தை எஞ்சினியரிடம் காட்டுங்கள். மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும், இரண்டாவது கூரைக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.