வித்து விடாத காளானுக்குத்தான் விலை

உத்தராகண்ட் மலையூரான முன்சியாரியில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, சாயங்காலம் அடுப்போரம் உட்கார்ந்து ஒரு பழைய டூத் பிரஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். காய்ந்த மஞ்சள் புழு. குட்டிக் கால்கள்கூட அப்படியே இருந்தன. தலையிலிருந்து தீக்குச்சி மாதிரி கருத்த காம்பு ஒன்று. அது முறிந்தால் விலை போச்சு. அதனால்தான் அவ்வளவு பதமாக மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

உத்தராகண்டில் இதைக் கீடா ஜடி என்கிறார்கள், நேபாளத்தில் யார்சாகும்பா. மூலிகை என்று சொன்னாலும் இது காளான்தான். 3,000 மீட்டருக்கு மேலே, மண்ணுக்கடியில் வேரைத் தின்று வாழும் அந்துப்பூச்சிப் புழுவுக்குள் புகுந்து, அதைக் கொன்று, பனி உருகும்போது அதன் தலை வழியாக முளைத்து வெளியே வருகிறது. மே, ஜூனில் ஊரே புக்யாலுக்கு, அதாவது மேல் மலைப் புல்வெளிக்குப் போய்விடும். பிள்ளைகளும்தான், சின்னக் கண்ணுக்குச் சீக்கிரம் தட்டுப்படுமாம். ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊர்ந்து ஊர்ந்து தேட வேண்டும். நாள் முழுக்க ஊர்ந்தும் ஒன்றுகூடக் கிடைக்காத நாட்கள் உண்டு என்றார். அவர் முழங்கைத் தோல் காய்ப்பேறிக் கிடந்தது.

இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. கோளாறு விலையில் இருக்கிறது. காளான் முதிர்ந்தால்தான் காம்பிலிருந்து வித்துத்தூள் உதிரும், அடுத்த தலைமுறைப் புழுக்களைப் பிடிக்கும். ஆனால் அதற்குள் கீழே இருக்கும் புழு தளர்ந்து சொத்தையாகிவிடும். அதை எந்த வியாபாரியும் தொட மாட்டார். குட்டைக் காம்பும் கெட்டியான புழுவும்தான் முதல் தரம். கிலோ பல லட்சம் ரூபாய். மாங்காயைக் கொஞ்சம் விட்டுவைத்தால் பழமாகி நல்ல விலைக்குப் போகும். இங்கே விட்டுவைத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் யார் பொறுத்திருப்பார்கள்? நாம் விட்டுவைத்தால் பக்கத்து ஊர்க்காரர் எடுத்துவிடுவார்.

அந்தப் போட்டி கொலையில்கூட முடிந்திருக்கிறது. 2009 ஜூனில் நேபாளத்தின் மனாங் மாவட்டத்தில், தங்கள் மலையில் பறிக்க வந்தார்கள் என்று கோர்க்காவைச் சேர்ந்த ஏழு பேரை நார் ஊர்க்காரர்கள் கொன்றார்கள். இத்தனைக்கும் 1993இல் சீன ஓட்ட வீராங்கனைகள் உலக சாதனைகளை முறியடித்து, பயிற்சியாளர் மா ஜுன்ரென் இந்தப் புழுவையும் ஒரு காரணமாகச் சொன்ன பிறகுதான் வெளியுலகம் இதைத் தேட ஆரம்பித்தது. விளைச்சல் குறைந்துவருகிறது, அதிகப் பறிப்பும் பருவநிலை மாற்றமும் காரணம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. 2020இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் ‘அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்று சேர்த்துவிட்டார்கள்.

சரி, தடை போட்டால் தீருமா? நேபாளத்தில் 2001 வரை தடைதான் இருந்தது. வியாபாரம் திருட்டுத்தனமாக நடந்தது. என் கருத்து இதுதான்: பறிப்பு தொடங்கும் நாளைப் போலவே முடியும் நாளையும் ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக இறங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா ஊரும் சேர்ந்து மலையை விட்டு இறங்கினால், பின்னால் முளைப்பவை வித்து விட்டுவிடும். உத்தராகண்டில் ஊர்க்காரர்களே காட்டைப் பார்த்துக்கொள்ளும் வன பஞ்சாயத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு அந்த அதிகாரமும், தரகர் இல்லாமல் ஏலம் விட வசதியும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. நம்மூர் விளம்பரங்களில் இந்தப் புழுவின் படத்தைப் போட்டு கார்டிசெப்ஸ் என்ற பெயரில் மாத்திரை விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம், அறைக்குள் பாட்டிலில் வளர்க்கும் ஆரஞ்சு நிறக் காளான். தயவுசெய்து படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிஜப் புழுவே கிடைக்கிறது என்றாலும் வாங்காதீர்கள். வீரியத்துக்கு, புற்றுநோய்க்கு என்று சொல்வதற்கெல்லாம் உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை.

சொத்தையாகிப் போனதை என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அங்கேயே விட்டுவிடுவோம், யார் வாங்குவார்கள் என்றார். இந்த வருஷம் அப்படி எத்தனை பார்த்தீர்கள் என்றேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, மூன்று விரலைக் காட்டினார்.